மூன்று ஆலைகளும் ஒரு பேரேடும்



கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும் குடும்பங்கள் ரெயிலில் முன்பதிவு செய்யும் முறைகளைப் பற்றி இத்திங்கள் எழுதுவதாகச் சென்ற இதழில் சொல்லியிருந்தேன். சொன்ன சொல்லைக் காப்பாற்ற இயலவில்லை. சென்ற ஞாயிறன்று, எங்கள் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் குடியிருக்கும் அண்ணாச்சி வந்து, "என் கதையைப் பத்திரிகையில் எழுதிவிடுங்கள், தம்பி. நாலு பேருக்குப் பயன்படும்" என்றார். நம் சங்கத்துக் குடும்பங்களில் ஆலை வேலையை நம்பி வாழ்வோர் பலர். அவருக்கு நேர்ந்தது நாளை அவர்களில் யாருக்கும் நேரலாம். ஆகையால் முன்பதிவு விஷயத்தை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்து, இதை எழுதுகிறேன். அவர் பெயரையும், அவர் வேலை பார்க்கும் நிறுவனத்தின் பெயரையும் எழுதுவதற்கில்லை.

அண்ணாச்சி திருநெல்வேலிச் சீமைக்காரர். கல்யாணில் குடியேறி 30 ஆண்டுகளுக்கு மேலாகிறது. அம்பர்நாத் தொழிற்பேட்டையில் பம்புகள் செய்யும் ஓர் ஆலையில் 26 ஆண்டுகளாக ஸ்டோர் கீப்பர். வயது 56. மூத்தவளுக்குத் திருமணம் முடித்துவிட்டார். இளையவள் கல்லூரியில் படிக்கிறாள்.

சென்ற ஆவணியில் ஒரு ஞாயிறு மாலை, கையில் சில தாள்களோடு என் வீட்டிற்கு வந்தார். முகத்தில் வழக்கமான சிரிப்பு இல்லை. "ஆங்கிலத்தில் ஒரு ராஜிநாமாக் கடிதம் எழுதித் தரவேண்டும், தம்பி. நாலே வரி போதும்" என்றார்.

நான் திடுக்கிட்டேன். உட்காரச் சொல்லி, காப்பி கொடுத்து, மெல்ல விசாரித்தேன்.

அவருடைய முதலாளி சிறிதாகத் தொடங்கிப் பெரிதாக வளர்ந்தவர். முதலில் இருந்தது அம்பர்நாத் ஆலை ஒன்றுதான். பிறகு குஜராத்தில் வாப்பி என்னும் ஊரில் நொடித்துப்போயிருந்த ஓர் ஆலையை வாங்கினார். நான்கு ஆண்டுகளுக்கு முன் நம் ஓசூரில் மூன்றாவதைக் கட்டினார். ஆலைகள் மூன்றாயின, கணக்கும் மூன்று விதமாயிற்று. அம்பர்நாத்தில் வரவு செலவுக்கு டேலி. ஸ்டோருக்கு மட்டும், உள்ளூர் இளைஞர் ஒருவர் பல ஆண்டுகளுக்கு முன் எழுதிக்கொடுத்த சிறு மென்பொருள். வாப்பியில் பழைய முதலாளி விட்டுச் சென்ற வேறொரு மென்பொருள். ஓசூரில் எல்லாம் எக்செல் தாள்கள். மாதக் கடைசியில் இம்மூன்றையும் வாங்கி, தலைமை அலுவலகத்தில் ஒரு பெண் திரும்பவும் தட்டச்சு செய்து ஒன்றாக்குவாள். அது முடிய ஒன்பது பத்து நாள் ஆகும். இந்த மாதம் லாபமா நஷ்டமா என்பது முதலாளிக்கு அடுத்த மாதம் பாதியில்தான் தெரியவரும்.

இனி மூன்று ஆலைகளுக்கும் ஒரே மென்பொருள் என்று முடிவாகிவிட்டது. ஸ்டோரில் உள்ள ஒவ்வொரு சாமானின் பெயரையும் எழுதி மாத இறுதிக்குள் கொடுக்க வேண்டும் என்று புதிய மேலாளர் அண்ணாச்சியிடம் சொல்லியிருக்கிறார்.

"என் தலைக்குள் இருப்பதை எல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டால், அப்புறம் நான் எதற்கு? கறிவேப்பிலையைப் போல எடுத்து எறிவார்கள். அவர்கள் எறிவதற்கு முன் நானே போய்விடுவது மரியாதை அல்லவா?" என்றார் அண்ணாச்சி.

அதற்குள் மதினியும் படியேறி வந்துவிட்டார்கள். "இளையவள் படிப்பு முடிய இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கள்" என்று என்னிடம் சொல்லிவிட்டு வாசலிலேயே நின்றார்கள்.

நான் படித்தது பத்தாம் வகுப்பு வரைதான். கணினித் துறையில் பட்டம் பெற்றவன் அல்லேன். ஆனால் ரெயில்வேயில் ஸ்டோர்ஸ் பிரிவுக் குமாஸ்தா. ஆணி முதல் அச்சு வரை பெயர் எழுதி, எண் எழுதி, வரவு வைத்துச் செலவு எழுதிப் பழகியவன். ஆகவே அன்று எனக்குத் தெரிந்த மட்டில் அவரோடு பேசினேன். பேசியதன் சாரத்தையும், பின்னர் நடந்ததையும் வாசகர்களுக்குச் சொல்கிறேன்.

முதலாளி செய்ய நினைப்பது தவறு அல்ல என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். தென் மாவட்டங்களிலிருந்து மீட்டர் பாதை வண்டியில் எழும்பூரில் வந்திறங்கி, மூட்டை முடிச்சுகளுடன் சென்ட்ரலுக்கு ஓடி, அகலப் பாதை வண்டியில் பம்பாய்க்கு ஏறிய காலம் நம் மூத்த வாசகர்களுக்கு நினைவிருக்கும். நம் நாட்டில் அகலப் பாதை 1,676 மில்லிமீட்டர்; மீட்டர் பாதை 1,000 மில்லிமீட்டர்; குறுகிய பாதைகள் 762, 610 மில்லிமீட்டர். இரு வேறு பாதைகள் சந்திக்கும் நிலையங்களில் ஒவ்வொரு மூட்டையையும் ஒரு வண்டியிலிருந்து இறக்கி மறு வண்டியில் ஏற்ற வேண்டும். கூலியும் செலவு, நாளும் செலவு. சில மூட்டைகள் உடையும், சில காணாமற்போகும். 1992ஆம் ஆண்டில் ஒரே பாதைத் திட்டம் தொடங்கியபின்தான் அந்தத் தொல்லை படிப்படியாகக் குறைந்தது. மாதக் கடைசியில் தலைமை அலுவலகப் பெண் ஒரு கணினியைப் பார்த்து மறு கணினியில் தட்டச்சு செய்வதும் அத்தகைய மூட்டை மாற்றும் வேலைதான். இங்கே உடைவதும் காணாமற்போவதும் எண்கள்.

அதற்குச் சான்று அண்ணாச்சியின் வாயாலேயே வந்தது. அதற்கு முந்திய மாதம் வாப்பியில் ஒரு யந்திரம் நின்றுபோயிற்றாம். வேண்டியது 6205 என்ற எண்ணுள்ள ஒரு பேரிங். உட்துளை 25 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 52, தடிமன் 15. யந்திரத் தொழிலில் உள்ள எவருக்கும் தெரிந்த சாதாரணச் சாமான். வாப்பிக்காரர்கள் மும்பைக் கடையிலிருந்து அவசரமாக, கேட்ட விலை கொடுத்து வரவழைத்தார்கள். அதே நாளில் அம்பர்நாத் ஸ்டோரில் அந்தப் பேரிங் 38 இருந்தன. அம்பர்நாத் பதிவேட்டில் அதன் பெயர் 6205. வாப்பியில் 'பால் பேரிங் 25 எம்.எம்.' ஓசூரில் 'மோட்டார் பேரிங், சிறியது.' ஒரு வீட்டுப் பிள்ளையை மூன்று வீட்டில் மூன்று பெயர் சொல்லி அழைத்தால், தேடுகிறபோது எப்படிக் கிடைப்பான்?

இது சிறு முதலாளிகளுக்கு மட்டும் உரிய குறை என்று எண்ண வேண்டா. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த நெஸ்லே நிறுவனத்தின் அமெரிக்கக் கிளையில், 1990களின் பிற்பகுதியில் கணக்குகளை ஒன்றாக்க முற்பட்டபோது, ஒரே வியாபாரியிடம் வாங்கிய ஒரே வெனிலாவுக்கு அவர்களுடைய ஆலைகள் 29 விதமான விலை கொடுத்து வந்தது தெரியவந்தது. ஒவ்வோர் ஆலையும் வெனிலாவுக்குத் தனித்தனிப் பெயரும் எண்ணும் வைத்திருந்தமையால், விலைகளை ஒப்பிட்டுப் பார்க்க ஒருவராலும் இயலவில்லை. பெயர் வேறானதால் விலையும் வேறாயிற்று.

எனவே, மென்பொருளை ஒன்றாக்குவது இரண்டாவது வேலை. பெயரை ஒன்றாக்குவதே முதல் வேலை. ரெயில்வேயில் ஒவ்வொரு சாமானுக்கும் எட்டு இலக்கம் கொண்ட பி.எல். எண் உண்டு. முதல் இரண்டு இலக்கங்கள் சாமான் எந்தப் பெருங்குழுவைச் சேர்ந்தது என்பதைச் சொல்லும். கடைசி இலக்கம் மற்ற ஏழையும் காவல் காக்கும் இலக்கம். நடுவில் ஓர் எண்ணைத் தவறாக அடித்தால் கணினி ஏற்றுக்கொள்ளாது. அந்த எண்ணைச் சொன்னால் பெரம்பூரில் இருப்பவருக்கும் கல்யாணில் இருப்பவருக்கும் ஒரே சாமான் விளங்கும். எண்ணுக்குத் தாய்மொழி கிடையாது. அம்பர்நாத்தில் மராத்தி, வாப்பியில் குஜராத்தி, ஓசூரில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசும் தொழிலாளர்களுக்கு நடுவே, சண்டையில்லாத பொதுமொழி அதுதான். அலமாரியில் ஒட்டும் சீட்டில் அந்தந்த ஊர் மொழியிலும் பெயரை எழுதிக்கொண்டால், தொழிலாளிக்கும் தடுமாற்றம் இராது.

இதைச் சொன்னவுடன் அண்ணாச்சி, தாம் கொண்டுவந்திருந்த பட்டியலை மேசைமேல் போட்டார். மேலாளரின் உதவியாளர் மூன்று ஆலைகளின் பழைய பதிவுகளைக் கணினியில் சேர்த்து, ஒன்றுபோல் தோன்றியவற்றை எல்லாம் ஒன்றாக்கி, மாதிரிக்கு இரண்டு பக்கம் அச்சடித்துக் கொடுத்திருந்தார். "நீங்கள் சொல்லும் அழகை இங்கே பாருங்கள்" என்று கோபத்தோடு ஒவ்வொரு வரியாகப் படித்துக் குறை சொல்லத் தொடங்கினார்.

"6205 இசட்.இசட்., 6205 டூ ஆர்.எஸ்.; இரண்டையும் ஒன்றென்று போட்டிருக்கிறார்கள். அளவு ஒன்றுதான். ஆனால் முன்னதற்கு இரு பக்கமும் தகர மூடி. பின்னதற்கு ரப்பர் மூடி. தண்ணீர் தெறிக்கும் இடத்தில் தகர மூடியைப் போட்டால் ஈரம் உள்ளே போய்ப் பேரிங் சீக்கிரமே கரகரக்கும். பம்பு வாங்கியவன் நம் பெயரைத்தானே திட்டுவான்? அடுத்த வரியைப் பாருங்கள். கிளாண்ட் கயிறு ஓரிடத்தில். 'தோரி' என்று வேறோரிடத்தில். மராத்தியில் தோரி என்றால் கயிறு. இரண்டும் ஒன்றே. அதைப் போய்த் தனித்தனியாக எழுதியிருக்கிறார்கள்!"

பள்ளியில் எங்கள் தமிழாசிரியர் சூடாமணி நிகண்டைப் பற்றிச் சொல்லியது அப்போது என் நினைவுக்கு வந்தது. அந்நூலில் 12 தொகுதிகள் உண்டு. தேவர் பெயர், மக்கள் பெயர், விலங்கின் பெயர் என்று வரும் முதல் பத்தும் ஒரு பொருளுக்குரிய பல பெயர்களைக் கூறுவன. பதினோராவது தொகுதி, ஒரே சொல் பல பொருள்களைக் குறிப்பதைக் கூறுவது. அண்ணாச்சி கோபத்தோடு காட்டியவை இவ்விரண்டு வகைச் சிக்கல்களே. கயிறும் தோரியும் ஒரு பொருளின் இரு பெயர். 6205 என்பதோ ஒரு பெயரில் ஒளிந்திருக்கும் இரு பொருள். முதல் வகையைப் பிரித்து வைத்தால் பணம் முடங்கும். இரண்டாம் வகையைச் சேர்த்து வைத்தால் பம்பு கெடும்.

அளவையிலும் இவ்வாறே. இரும்புக் கம்பியைக் கிலோவில் வாங்குகிறோம். யந்திரத்துக்கு மீட்டரில் கொடுக்கிறோம். கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி 162ஆல் வகுத்தால், ஒரு மீட்டரின் எடை கிலோவில் வந்துவிடும் என்பது இரும்புக் கடைப் பையனுக்கும் தெரிந்த கணக்கு. 25 மில்லிமீட்டர்க் கம்பி மீட்டருக்கு ஏறத்தாழ 3.86 கிலோ. வாப்பி ஸ்டோர் கிலோவிலும், ஓசூர் ஸ்டோர் மீட்டரிலும் எழுதிவந்தன. யாரும் கவனியாமல் 386 கிலோவை 386 மீட்டர் என்று புதிய கணக்கில் ஏற்றினால், இருப்பது 100 மீட்டர். ஏட்டில் காண்பதோ ஏறத்தாழ நான்கு மடங்கு. இருப்பு இருக்கிறது என்று நம்பி வாங்காமல் இருப்பார்கள். ஒருநாள் காலையில் யந்திரம் கம்பியின்றி நிற்கும்.

அண்ணாச்சி இரண்டு பக்கத்தையும் படித்து முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. நான் அவர் சொன்ன பிழைகளை ஓரத்தில் குறித்துக்கொண்டே வந்தேன். கடைசியில் எண்ணிப் பார்த்தால் 41. அந்தத் தாளை அவரிடமே கொடுத்து, "இவற்றைச் சொல்ல நீங்கள் இல்லாவிட்டால் யார் சொல்லியிருப்பார்கள், அண்ணாச்சி? கணினி சொல்லுமா?" என்று கேட்டேன்.

அவர் விடை சொல்லவில்லை. ஆயினும் ராஜிநாமாவைப் பற்றி அன்று மறுபடியும் பேசவில்லை. இன்னொன்றையும் நினைவூட்டினேன். தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் முழு ஓய்வூதியம் 58 வயதில்தான். அதற்கு முன்னரே வாங்கத் தொடங்கினால் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவீதம் குறையும். குறைந்தது பிறகு கூடாது. கோபத்தில் எழுதும் நாலு வரிக்கு ஆயுள் முழுவதும் விலை கொடுக்க வேண்டும்.

மறுநாள் இரவு இருவருமாக உட்கார்ந்து வேறொரு கடிதம் எழுதினோம். அதில் மூன்று கோரிக்கைகள். முதலாவது: பொருட்பெயர்ப் பட்டியலை மூன்று ஆலைகளின் ஸ்டோர் கீப்பர்களும் ஒன்றாக உட்கார்ந்து, சாமானைக் கையில் எடுத்துப் பார்த்துத் தயாரிக்க வேண்டும். இரண்டாவது: தீபாவளிக்கு முன்போ, மார்ச்சுக் கணக்கு முடிக்கும் வேளையிலோ மாற்றம் செய்யலாகாது; மூன்று ஆலையிலும் ஒரே நாளில் செய்வதும் கூடாது. மூன்றாவது: தமக்குப் பின் ஸ்டோரைப் பார்க்க ஓர் இளைஞரை இப்போதே தம்முடன் அமர்த்த வேண்டும். கடிதத்தோடு 41 பிழைகள் குறித்த தாளையும் இணைத்தோம்.

இரண்டாவது கோரிக்கைக்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் ஹெர்ஷி என்ற பெரிய மிட்டாய் நிறுவனம் 1999ஆம் ஆண்டு ஜூலையில் புதிய மென்பொருளுக்கு மாறியது. நான்கு ஆண்டுகள் பிடிக்கக்கூடிய வேலையை இரண்டரை ஆண்டில் முடிக்க அவசரப்பட்டார்கள். அந்நாட்டில் அக்டோபர்க் கடைசியில் வரும் ஹாலோவீன் பண்டிகைதான் மிட்டாய் வியாபாரத்தின் உச்சம். அதற்கான சரக்குக் கேட்டுக் கடைக்காரர்கள் எழுதும் வேளையில், கிடங்கில் மிட்டாய் இருந்தும் ஏற்றி அனுப்ப முடியாமல் திண்டாடினார்கள். ஏறக்குறைய 10 கோடி டாலர் மதிப்புள்ள சரக்கு உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை. தீபாவளிக்கு முந்திய வாரத்தில் இனிப்புக் கடைக்காரர் அடுப்பை மாற்றுவாரா?

முன்னர்ச் சொன்ன நெஸ்லேயின் அமெரிக்கக் கிளைக்கும் ஒரு பாடம் கிடைத்தது. திட்டம் வகுத்தபோது, அதை நாள்தோறும் கையாளப்போகும் ஊழியர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. புதிய முறை அவர்களுக்குப் புரியவுமில்லை, பிடிக்கவுமில்லை. 2000ஆம் ஆண்டில் வேலையை நிறுத்திவைத்து, மீண்டும் முதலிலிருந்து யோசித்தார்கள். ஊழியர்களைக் கடைசியில் கூப்பிட்டால் செலவு இரட்டிப்பாகும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டா.

எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிட வேண்டுமா என்றால், அதுவும் கூடாது. ஒரே பாதைத் திட்டத்திலும் மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் செல்லும் மலைப்பாதையை மீட்டர் பாதையாகவே விட்டுவைத்தார்கள். செங்குத்தான மலையில் பற்சக்கரத்தைப் பற்றிக்கொண்டு ஏறும் வண்டி அது. சமவெளிச் சட்டம் அங்கே செல்லாது. அதுபோல ஓசூர் ஆலை தன் வார்ப்புகளைக் கடைசல் வேலைக்காக வெளிப் பட்டறைகளுக்கு அனுப்புகிறது. ஜி.எஸ்.டி. சட்டப்படி அவ்வாறு அனுப்பிய சரக்கு ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும். இல்லையேல் விற்றதாகக் கருதி வரி கேட்பார்கள். ஆகவே எது வெளியே போயிற்று, எந்நாளில் போயிற்று, எது திரும்பவில்லை என்பதற்குப் புதிய மென்பொருளில் ஓசூருக்கென்று தனி ஏற்பாடு வேண்டும். அது நியாயமான வேறுபாடு.

அம்பர்நாத்திலோ, பகல் முழுவதும் சாமானைக் கொடுத்துவிட்டு மாலையில் ஒருமொத்தமாகச் செலவு எழுதும் வழக்கம் இருந்தது. "இதுவும் எங்கள் ஆலையின் தனி முறைதான்" என்று அண்ணாச்சி வாதாடினார். "அண்ணாச்சி, இங்கே மலை எங்கே இருக்கிறது?" என்று கேட்டேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சட்டமோ பொருளோ இடமோ கட்டாயப்படுத்துகிற வேறுபாட்டைக் காக்க வேண்டும். பழக்கம் ஒன்றே காரணமான வேறுபாட்டை விட்டுவிட வேண்டும். இவ்விரண்டையும் பிரித்தறிவதுதான் இந்த வேலையிலேயே கடினமான பகுதி.

பொருட்பெயர், அளவை, சரக்கு கொடுப்போர் வாங்குவோர் பெயர்கள், கணக்குத் தலைப்புகள், ஜி.எஸ்.டி.க்குரிய எச்.எஸ்.என். எண் ஆகியவை மூன்று ஆலைக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும். 1-7-2017இல் ஜி.எஸ்.டி. வந்தபின் இது கட்டாயம் போலாகிவிட்டது. மகாராஷ்டிரம், குஜராத், தமிழ்நாடு என்று மூன்று மாநிலங்களிலும் தனித்தனியாகப் பதிவு செய்திருக்கிறார்கள். முதலாளி ஒருவரேயானாலும் அம்பர்நாத்திலிருந்து வாப்பிக்கு ஒரு பெட்டி பேரிங் அனுப்பினால் வரிப் பட்டியல் போட்டே அனுப்ப வேண்டும். அனுப்புகிறவர் ஒரு பெயரும், பெறுகிறவர் வேறு பெயரும் எழுதினால் வரி அலுவலகத்துக்கு என்ன விடை சொல்வது?

கடிதம் கொடுத்து நான்கு நாள் வரை பதில் இல்லை. ஐந்தாம் நாள் முதலாளியே அண்ணாச்சியை அழைத்தார். 41 பிழைகள் குறித்த தாள் அவர் மேசைமேல் இருந்ததாம். முதல் இரண்டு கோரிக்கைகளையும் ஏற்றுக்கொண்டார். மூன்றாவதற்கு, "பார்க்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

26 ஆண்டுகளில் நிறுவனத்தின் செலவில் ஒருநாளும் வெளியூர் போகாத அண்ணாச்சி, ஐப்பசியில் ஓசூருக்கு ஒரு முறையும், பிறகு வாப்பிக்கு ஒரு முறையும் போய்வந்தார். மூன்று ஸ்டோர் கீப்பர்களும் தரையில் சாமான்களைப் பரப்பி, அளவுகோலால் அளந்து பெயர் வைத்தார்கள். மூன்று பட்டியல்களும் சேர்ந்து ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்ட வரிகள் இருந்தன. ஒன்றாக்கியபின் ஆறாயிரத்துச் சொச்சம்தான் நின்றன. பத்தாண்டாக யாரும் தொடாத சாமான்கள் ஒரு மூலை நிறையக் கிடைத்தன.

ஓசூர் சிறிய ஆலையாகையால், தை மாதத்தில் அங்கே முதலில் புதிய மென்பொருளைத் தொடங்கினார்கள். ஒரு மாதம் பழைய ஏடும் புதிய கணினியும் சேர்ந்து நடந்தன. பிறகு பழையதைப் பூட்டிவிட்டார்கள். பூட்டியது நல்லதே. இந்தியா முழுவதற்கும் ஒரே நேரம் 1-1-1906 முதல் வந்தது. அதற்கு முன் ரெயில்வேக்கள், பம்பாய் நேரத்துக்கும் கல்கத்தா நேரத்துக்கும் இடைப்பட்டதாக இருந்த நம் சென்னை நேரத்தையே பொதுவாகக் கொண்டிருந்தன. ஆயினும் இந்தப் பம்பாய் நகரில் பழைய நேரமும் 1955 வரை வழக்கிலிருந்தது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓர் ஊரில் இரண்டு நேரம்! பழையதையும் புதியதையும் நெடுநாள் சேர்த்து வைத்திருந்தால், மனிதர் பழையதையே பார்ப்பர்.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் உண்மை அப்படியில்லை. ஓசூரில் முதல் வாரம் இரண்டு லாரிகள் சீட்டு வராமல் வாசலிலேயே காத்திருந்தன. வாப்பி ஸ்டோர் கீப்பருக்குக் கணினியில் இன்னும் கை ஓடவில்லை. தலைமை அலுவலகத்தில் மூட்டை மாற்றும் வேலை செய்துவந்த அந்தப் பெண்ணுக்கு, அம்பர்நாத்தும் வாப்பியும் மாறிவிட்டால், அந்த வேலை இராது. கொள்முதல் பிரிவில் பழக்குவதாக வாயால் சொல்லியிருக்கிறார்கள், எழுத்தில் கொடுக்கவில்லை. யாருடைய வேலையும் போகாது என்று பொய் சொல்வதைவிட, போகும் வேலை எது, அவருக்கு மாற்று வேலை எது என்று முதல் நாளிலேயே சொல்லிவிடுவது முதலாளிகளுக்கு அழகு. நம் வாசகர்களிலும் சிறு தொழில் நடத்தி, இரண்டாவது மூன்றாவது ஆலை தொடங்குவோர் சிலர் உண்டு. அவர்களுக்கு இதைப் பணிவுடன் சொல்கிறேன்.

ஆலைகளில் வேலை பார்க்கும் அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் தலைக்குள் இருக்கும் கணக்கை மறைத்து வைத்தால் வேலை நிலைக்கும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் மறைத்து வைத்த கணக்கு நம்மோடு ஓய்வு பெற்றுவிடும். அது இருந்ததே யாருக்கும் தெரியாது. பட்டியல் எழுதச் சொன்னால் எழுதுங்கள். எழுதும்போது, எது எதனோடு சேரும், எது சேராது, ஏன் சேராது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அடியில் உங்கள் கையொப்பத்தையும் இடுங்கள். புதிய முறையை உங்கள் மொழியில் சொல்லிக்கொடுக்கும்படி தயங்காமல் கேளுங்கள். இளையவர்களிடம் கற்பதில் இழுக்கு இல்லை. அண்ணாச்சிக்குக் கணினியில் பதியக் கற்றுக்கொடுத்தது அவருடைய இளைய மகள்தான்.

சென்ற வாரம் அவருடைய மூன்றாவது கோரிக்கைக்கும் பதில் வந்தது. ஜூன் மாதத்தில் அம்பர்நாத் ஆலை மாறுவதற்கு முன், ஓர் இளைஞரை அவரிடம் பழக விடப்போகிறார்களாம். அதைச் சொல்லத்தான் ஞாயிறன்று வந்தார். "நல்ல பையன் போலிருக்கிறது. ஆனால் தகர மூடிக்கும் ரப்பர் மூடிக்கும் வித்தியாசம் தெரியவில்லை. முதல் பாடம் அதுதான்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

முன்பதிவைப் பற்றி அடுத்த திங்கள் தவறாமல் எழுதுகிறேன். வணக்கம்.